என்-கேம் ஆன்டிபாடி வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

என்-கேம் என்ற நரம்புச் செல் ஒட்டுப் புரதத்துக்கு எதிரான மோனோகுளோனல் ஆன்டிபாடியை (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி; இப்படி ஒவ்வொன்றையும் ஒரு குளோன் என்பார்கள்) புதிதாக வாங்கி, முதல் ப்ளாட்டிலோ (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு படலத்துக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை) முதல் ஸ்லைடிலோ எதிர்பார்த்தது வராமல் போனால், உடனே வாயில் வருவது "ஆன்டிபாடி சரியில்லை" என்பதுதான். சில சமயம் அது உண்மை. ஆனால் இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை, ஆன்டிபாடி நன்றாகவே இருக்கும். அது பிடிக்க வேண்டிய இடம் உங்கள் சாம்பிளில் இல்லாமலோ, மறைந்தோ, வெட்டுப்பட்டோ போயிருக்கும். அதனால்தான் புதுக் குப்பி வாங்கியும் பலருக்கு அதே பிரச்சினை திரும்ப வருகிறது.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துச் சொல்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். பாதிப் பேரின் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எதையும் மாற்றும் முன்: உங்கள் குளோன் எங்கே பிடிக்கிறது?

என்-கேம் ஒரே ஜீனிலிருந்து வந்தாலும் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. ஆர்என்ஏ வெவ்வேறு விதமாக வெட்டி இணைக்கப்படுவதால் முக்கியமாக மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. ஜெல்லில் ஓடும் எடையை வைத்து, கிலோடால்டன் கணக்கில், 120, 140, 180 என்று பெயர். செல்லுக்கு வெளியே நிற்கும் பகுதி மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஐந்து இம்யூனோகுளோபுலின் மடிப்புகள், அவற்றுக்குக் கீழே சவ்வை ஒட்டி இரண்டு ஃபைப்ரோநெக்டின் மடிப்புகள். வித்தியாசமெல்லாம் அடியில்தான். 120-க்கு செல்லுக்குள் வால் கிடையாது. ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தில் நிற்கிறது. 140-க்குக் குட்டை வால், 180-க்கு நீள வால். முதிர்ந்த நியூரான்களில் 180-ம் 140-ம் இருக்கும். கிளியா செல்களில் 140-ம் 120-ம். ரத்தத்தில் ஓடும் என்கே செல்களில் (இயற்கைக் கொல்லி எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள்) 140.

இதற்கு மேல் இன்னொரு விஷயம். ஐந்தாவது இம்யூனோகுளோபுலின் மடிப்பில் பாலிசியாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி ஏறும். கருவில் வளரும் மூளையில் இது ஏராளம். பிறந்த பிறகு வேகமாகக் குறைந்து, வளர்ந்த மூளையில் ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ், மூக்கை நோக்கிப் புது நியூரான்கள் நகரும் பாதை, ஹைப்போதலாமஸ் போன்ற சில இடங்களில் மட்டும் மிஞ்சும்.

ஆக, சந்தையில் "என்-கேம் ஆன்டிபாடி" என்று விற்கப்படுபவை உண்மையில் மூன்று தனித்தனிச் சாமான்கள். முதல் வகை வெளிப்பகுதிப் புரதத்தைப் பிடிப்பவை: மனிதத் திசுவுக்கு 123சி3, சுண்டெலிக்கு எச்28. இரண்டாவது, செல்லுக்குள் இருக்கும் வாலைப் பிடிப்பவை. ஓபி11 இந்த வகை. மூன்றாவது, புரதத்தையே தொடாமல் சர்க்கரைச் சங்கிலியை மட்டும் பிடிப்பவை: 735, 5ஏ5, 12எஃப்8, 2-2பி. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் சோதனையை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. டேட்டாஷீட்டில் "இம்யூனோஜன்" (ஆன்டிபாடியை எழுப்பச் செலுத்திய பொருள்), "எபிடோப்" (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) என்ற இரண்டு வரிகளையும் படியுங்கள். அங்கே இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அடுத்த குப்பி வாங்காதீர்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. நரம்பியல்காரர்கள் என்-கேம் என்றும், ரத்தவியல்காரர்கள் சிடி56 என்றும் சொல்வது ஒரே புரதத்தைத்தான். என்கே செல்களின் அடையாளமாக லியூ-19 என்று அறியப்பட்டது என்-கேமேதான் என்று 1989-ல் உறுதியானது. அதனால் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். சிடி57 என்பது வேறு. அது எச்என்கே-1 என்ற சல்பேட் ஏறிய சர்க்கரை அமைப்பு. என்-கேமிலும் இருக்கலாம், எல்1, எம்ஏஜி போன்ற வேறு ஒட்டுப் புரதங்களிலும் இருக்கலாம். பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் கை தவறி ஆர்டர் போவது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: ப்ளாட்டில் பேண்டுக்குப் பதில் மேலிருந்து கீழே ஒரு ஸ்மியர்

கருவின் மூளை, பிறந்து ஓரிரு நாளான குட்டியின் மூளை, நியூரோபிளாஸ்டோமா செல் லைன் இவற்றில் இது வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது பாலிசியாலிக் அமிலம்தான். ஒவ்வொரு மூலக்கூறிலும் சங்கிலியின் நீளம் வேறு. அதோடு அதில் எதிர்மின்னேற்றம் அதிகம். அதனால் ஒரே புரதம் 180-க்குக் கொஞ்சம் கீழிருந்து 250-க்கும் மேல் வரை, ஒரு மேகம் போலப் பரவி ஓடும். ஜெல் சரியாக ஊற்றவில்லையோ, டிஎன்ஏ கலந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அதையெல்லாம் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஒரே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) இரண்டு குழாயாகப் பிரியுங்கள். ஒன்றில் எண்டோ-என் என்ற நொதி, மற்றதில் வெறும் பஃபர். புரதச் சிதைவைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் இரண்டிலும் இருக்கட்டும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அதற்குப் பிறகு சாம்பிள் பஃபர் சேர்த்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். பிறந்த குட்டியின் மூளையில் ஓபி11 போட்டால் நொதி படாத லேனில் அந்தச் சாம்பல் மேகம் இருக்கும். நொதி பட்ட லேனில் மேகம் காணாமல் போய், 180-லும் 140-லும் இரண்டு தெளிவான பேண்டுகள் உட்கார்ந்திருக்கும். அதே ப்ளாட்டின் இன்னொரு பிரதியில் 735 போட்டால், நொதி படாத லேனில் மேகம், பட்ட லேன் காலி. இந்த நான்கு லேன் கைவசம் இருந்தால் ஆன்டிபாடி, நொதி, ஜெல், டிரான்ஸ்ஃபர் எல்லாவற்றையும் ஒரே படத்தில் சோதித்துவிட்டீர்கள். புது ஆன்டிபாடி எது வந்தாலும் நான் முதலில் பார்க்க விரும்பும் படம் இதுதான்.

எண்டோ-என் என்பது கே1 வகை இ. கோலை பாக்டீரியாவைத் தாக்கும் பாஜ் வைரஸிலிருந்து எடுத்த நொதி. அந்த பாக்டீரியாவின் மேலுறையும் இதே பாலிசியாலிக் அமிலம்தான் என்பதால் அதை உரிக்க வைரஸ் வைத்திருக்கும் கருவி இது. ஆல்பா-2,8 இணைப்பில் நீளமாக ஓடும் சங்கிலியை மட்டும் வெட்டும். ஒன்றிரண்டு சியாலிக் அமிலம் மட்டும் உள்ள சாதாரண சர்க்கரைகளைத் தொடாது. விப்ரியோ காலராவிலிருந்து வரும் பொதுவான சியாலிடேஸைப் பயன்படுத்தினாலும் மேகம் இறங்கும், ஆனால் அது எல்லாச் சியாலிக் அமிலத்தையும் எடுத்துவிடும். அதனால் பாலிசியாலிக் அமிலம் இருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

நொதி போட்டும் ஸ்மியர் அசையவில்லை என்றால் அப்போது ஜெல்லைப் பாருங்கள். சவ்வுப் புரதம் கொதிக்கவைக்கும்போது திரண்டுகொள்ளும். கிணற்றுக்குள்ளேயே தங்கி அங்கிருந்து இழுபடும். 95 டிகிரியில் கொதிக்கவைப்பதற்குப் பதில் 60 டிகிரியில் 15–20 நிமிடம் வைத்துப் பாருங்கள். பாலிசியாலிக் அமிலத்தையே காட்ட வேண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் சங்கிலி சூட்டிலும் அமிலத்திலும் உடையக்கூடியது. நன்றாகக் கொதித்த சாம்பிளில் 735-ன் சிக்னல் தானாகவே குறைந்து, "இந்தத் திசுவில் இல்லை" என்ற தப்பான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

அறிகுறி: ப்ளாட்டில் ஒன்றுமே இல்லை

இதற்குக் காரணங்கள் பல. மலிவானதிலிருந்து தொடங்குகிறேன்.

செகண்டரி, அதாவது முதல் ஆன்டிபாடியைப் பிடித்துச் சிக்னல் தரும் இரண்டாவது ஆன்டிபாடி. பாலிசியாலிக் அமிலக் குளோன்களில் 5ஏ5-ம் 2-2பி-ம் சுண்டெலி ஐஜிஎம் (பருமனான ஆன்டிபாடி வகை; வழக்கமான வகை ஐஜிஜி). 12எஃப்8 எலி ஐஜிஎம். ஐஜிஜி-யின் எஃப்சி பகுதியை மட்டும் பிடிக்கும் செகண்டரி இவற்றைக் கண்டுகொள்ளாது. ஐஜிஎம்-மின் மியூ சங்கிலியைப் பிடிக்கும் செகண்டரி வேண்டும். 735 மட்டும் ஐஜிஜி2ஏ, அதற்கு வழக்கமான செகண்டரி போதும். சுண்டெலிக்கு எதிரான செகண்டரியை (சுண்டெலிப் புரதத்தைப் பிடித்தாலும்) எலியில் எழுப்பிய ஆன்டிபாடியான எச்28-க்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதே ரகம்.

அடுத்து அசைடு. செகண்டரியில் இணைந்து சிக்னல் தரும் ஹெச்ஆர்பி நொதியைச் சோடியம் அசைடு முடக்கும். ஆன்டிபாடிக் குப்பியில் உள்ள சிறு அளவு நீர்த்துப்போய்விடும், அது பரவாயில்லை. ஆனால் மிச்சமான செகண்டரியை அசைடு சேர்த்து எடுத்துவைத்து மறுபடி பயன்படுத்தினால் வெள்ளைப் படலம்தான் கிடைக்கும்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர். 180 கிலோடால்டன் புரதம், அதுவும் சர்க்கரை ஏறியது, அரை மணி நேர செமி-டிரை டிரான்ஸ்ஃபரில் ஜெல்லைவிட்டு வெளியே வர அடம்பிடிக்கும். 6 அல்லது 7 சதவீத ஜெல், இல்லையென்றால் 3–8 சதவீத கிரேடியன்ட். டேங்க் முறையில், குளிரில், 30 வோல்ட்டில் இரவு முழுக்க ஓடட்டும். மெத்தனாலை 10 சதவீதத்துக்கு இறக்குங்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் ஜெல்லைக் கூமாசியில் போட்டுப் பாருங்கள். மேல்பக்கம் நீலமாக நிற்கிறதென்றால் உங்கள் என்-கேம் இன்னும் ஜெல்லுக்குள்தான் இருக்கிறது.

இவ்வளவும் சரியென்றால் எபிடோப்பைச் சந்தேகியுங்கள். வெளிப்பகுதியின் ஐந்து இம்யூனோகுளோபுலின் மடிப்புகளும் டைசல்பைட் பிணைப்பால் இறுக்கப்பட்டவை. முழுச் செல்லைச் செலுத்தி எழுப்பிய குளோன்களில் பல, அந்த மடிப்பின் வடிவத்தைத்தான் பிடிக்கின்றன. பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்த்ததும் பிணைப்பு அறுந்து வடிவம் கலைந்துவிடும். அதனால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (சாயம் ஏறிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் முறை) அருமையாக வேலை செய்யும் குளோன் ப்ளாட்டில் ஊமையாகிவிடும். அதே சாம்பிளை மெர்காப்டோஎத்தனாலோ டிடிடி-யோ இல்லாமல் ஒரு லேனில் ஓட்டிப் பாருங்கள். அதில் மட்டும் பேண்ட் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. குளோனைத் தூக்கிப்போட வேண்டாம். அந்த வேலைக்கு மட்டும் வேறு குளோன் எடுங்கள்.

அறிகுறி: மூன்று பேண்டில் ஒன்று காணோம், அல்லது எதிர்பாராத இடத்தில் ஒன்று

120 மட்டும் காணவில்லையா? முதல் கேள்வி, குளோன் ஓபி11-ஆ? அப்படியானால் 120 வரவே வராது. வாலே இல்லாத வடிவத்தில் வாலைத் தேடுகிறோம்.

வெளிப்பகுதிக் குளோன் போட்டும் வரவில்லை என்றால், லைசிஸ் பஃபரில் டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்துப் பனிக்கட்டியில் உடைத்தீர்களா என்று பாருங்கள். ஜிபிஐ நங்கூரம் உள்ள புரதங்கள் கொலஸ்ட்ரால் செறிந்த சவ்வுத் திட்டுகளில் உட்கார்ந்திருக்கும். அந்தத் திட்டுகள் குளிர்ந்த டிரைட்டனில் கரைவதில்லை. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியதும் 120 அடியில் படிந்துவிடும், நீங்கள் மேல் தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அடிப்படிவை எறியாமல் எஸ்டிஎஸ் பஃபரில் கரைத்துப் பக்கத்து லேனில் ஓட்டினால் அங்கே 120 இருக்கும். இனிமேலுக்கு, எஸ்டிஎஸ்-ம் டீஆக்ஸிகோலேட்டும் உள்ள ரிப்பா பஃபருக்கு மாறுங்கள், அல்லது ஆக்டைல் குளுக்கோசைடு பயன்படுத்துங்கள்.

110 முதல் 115 வரை ஒரு பேண்ட், அதுவும் செல் வளர்த்த ஊடகத்தில் அதிகமாக வந்தால், அது அநேகமாக வெட்டி உதிர்க்கப்பட்ட வெளிப்பகுதி. ஏடாம்10 போன்ற மெட்டலோபுரோட்டியேஸ்கள் செல்லின் மேல்பரப்பிலேயே என்-கேமை வெட்டிவிடும். இதை 120 வடிவம் என்று எண்ணிவிடுவது சுலபம். பிரித்தறிய, வால் குளோன் கைகொடுக்கும்: வெட்டுப்பட்டிருந்தால் ஓபி11 போட்ட ப்ளாட்டின் கீழ்ப்பக்கம், சவ்வோடு தங்கிவிட்ட சிறு துண்டு தெரியும். கீழ்ப்பக்கத்தை வெட்டி எறிந்த ப்ளாட்டில் இது தெரியாது, ஆகவே முழு ப்ளாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

50-லும் 25-லும் பேண்ட் வந்தால் அது திசுவில் இருந்த ஆன்டிபாடியின் கன, இலேசுச் சங்கிலிகள். சுண்டெலித் திசுவில் சுண்டெலிக் குளோன் போட்டால் இது இயல்பு.

அறிகுறி: உயிருள்ள செல்களில் சாயம் ஏறவில்லை, ஃபிக்ஸ் செய்தால் ஏறுகிறது

ஓபி11 போன்ற வால் குளோனுக்கு இது பிழையே இல்லை. ஆன்டிபாடி உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து (செல்லை அப்படியே நிலைப்படுத்தி), டிரைட்டனோ சப்போனினோ போட்டுச் சவ்வைத் திறந்த பிறகுதான் வால் எட்டும்.

வெளிப்பகுதிக் குளோனுக்கும் இதே நிலை என்றால், செல்களைத் தட்டிலிருந்து எப்படி எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். டிரிப்சின் என்-கேமின் வெளிப்பகுதியை வெட்டித் தள்ளிவிடும். கால்சியம் இருந்தால் டிரிப்சினிலிருந்து ஒட்டுப் புரதம் தப்பிக்கும் என்று படித்த ஞாபகம் சிலருக்கு இருக்கும். அது கேட்ஹெரினுக்குப் பொருந்தும். என்-கேமின் ஒட்டுதல் கால்சியத்தை நம்பியதல்ல. கால்சியம் அதைக் காப்பாற்றாது. 2 மில்லிமோலார் ஈடிடிஏ அல்லது அக்குடேஸ் கொண்டு எடுங்கள். டிரிப்சின் தவிர்க்க முடியாது என்றால், வெட்டுப்பட்ட புரதம் மறுபடி உருவாக, செல்களைச் சில மணி நேரம் ஊடகத்தில் மிதக்கவிட்டு அப்புறம் சாயம் போடுங்கள்.

சாயம் ஏறுகிறது, ஆனால் சவ்வில் சீரான கோடாக இல்லாமல் திட்டுத் திட்டாகவும் ஒரு பக்கம் ஒதுங்கியும் தெரிகிறதா? இரண்டு கைகள் உள்ள ஆன்டிபாடி, சவ்வில் நகரக்கூடிய புரதங்களைப் பிணைத்து ஒன்றுசேர்த்துவிடும். ஆரம்பம் முதல் கடைசி வரை பனிக்கட்டியில், அசைடு சேர்த்த பஃபரில் வேலையை முடியுங்கள். ஜிபிஐ நங்கூரம் உள்ள 120-ஐப் பாராஃபார்மால்டிஹைடு முழுமையாகக் கட்டிப்போடாது என்பதால், ஃபிக்ஸ் செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் அறை வெப்பத்தில் வைத்தாலும் இந்தத் திட்டுகள் வரலாம்.

கனமான மூளைத் துண்டில் ஓரங்கள் மட்டும் சாயம் ஏறி, உள்ளே வெறுமையாக இருந்தால் அது ஐஜிஎம்-மின் பருமன். ஐஜிஜி 150 கிலோடால்டன்தான். ஐஜிஎம் 900-க்கும் மேல். துண்டை 30–40 மைக்ரானுக்கு மெலிதாக்கி, மிதக்கவிட்டு, 4 டிகிரியில் இரண்டு இரவு வைத்தால் உள்ளே போகும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் 735-க்கு மாறுங்கள்.

அறிகுறி: பாரஃபின் ஸ்லைடில் வெறுமை, அல்லது எல்லாமே பழுப்பு

நோய்க்கூறியல் ஆய்வகத்தில் இந்த இரண்டுக்கும் விலை அதிகம், ஏனென்றால் அந்த ஸ்லைடை வைத்து ஒருவருக்குச் சிகிச்சை முடிவாகிறது. ஆகவே நோயாளியின் திசுவைப் பார்க்கும் முன் கன்ட்ரோல் ஸ்லைடைப் பாருங்கள். குடல்வால் மிக நல்ல கன்ட்ரோல். அதன் தசைச் சுவரின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நரம்புப் பின்னல் ஓடுகிறது. சாயம் சரியாக இருந்தால், குறைந்த உருப்பெருக்கத்திலேயே அந்தப் பின்னல் அடர் பழுப்புத் தீவுகளாகக் கண்ணில் படும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கேங்கிலியான் செல்களின் விளிம்பு தெரியும். சுற்றியுள்ள குடல் எபிதீலியம் வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் நரம்பு மட்டும் போதாது. நரம்பில் என்-கேம் அவ்வளவு அதிகம் இருப்பதால் பலவீனமான முறையிலும் அது பழுப்பாகிவிடும். டான்சிலில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் என்கே செல்கள் மங்கலாகவாவது தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை தெரியாத ஸ்லைடில், என்-கேம் குறைவாக உள்ள கட்டி "நெகட்டிவ்" என்று போய்விடும்.

வெறுமைக்கு முதல் சந்தேகம் ஆன்டிஜன் ரெட்ரீவல் (ஃபிக்ஸ் செய்ததில் மறைந்த எபிடோப்பைச் சூடாக்கித் திறக்கும் படி). 123சி3-க்கு பிஹெச் 9-ல் டிரிஸ்-ஈடிடிஏ, 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம் என்பதிலிருந்து தொடங்குங்கள். பிஹெச் 6 சிட்ரேட்டை வழக்கமாக வைத்திருக்கும் ஆய்வகங்களில் சிக்னல் மங்குவதற்கு இதுவே போதுமான காரணம். அடுத்து ஃபிக்ஸேஷன்: பத்து சதவீத நடுநிலை ஃபார்மலினில் ஆறு மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். ஆல்கஹாலில் ஃபிக்ஸ் செய்த செல் பிளாக்கை ஃபார்மலின் திசுவின் அளவுகோலால் அளக்காதீர்கள். அதற்குத் தனியாகச் சோதித்து உறுதிசெய்த முறை வேண்டும். ஊசி பயாப்ஸியில் நசுங்கிப்போன நுரையீரல் சிறு செல் கார்சினோமாவில் செல்லின் உருவமே கலைந்திருக்கும். அங்கே சவ்வுக் கோட்டைத் தேடாமல், நசுங்காத ஓரப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.

எல்லாமே பழுப்பு என்றால்: ஹைட்ரஜன் பெராக்சைடு பழசாகி எண்டோஜினஸ் பெராக்ஸிடேஸ் மிஞ்சியிருக்கலாம். கல்லீரல், சிறுநீரகம் என்றால் திசுவின் சொந்த பயோட்டின். ஸ்ட்ரெப்டாவிடின் முறையை விட்டுப் பாலிமர் முறைக்கு மாறினால் நின்றுவிடும். ஆன்டிபாடியின் அடர்த்தி கூடியிருந்தாலும் இதேதான். டைட்ரேஷன் (பல அடர்த்திகளில் போட்டுச் சரியானதைத் தேர்வது) செய்யாமல் டேட்டாஷீட்டில் போட்ட அளவை அப்படியே எடுப்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் இயந்திரம் வேறு, உங்கள் திசு வேறு.

பழுப்பைப் பார்த்ததும் பின்னணி என்று முடிவு கட்டவும் வேண்டாம். கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் தீவுகள், தைராய்டு ஃபாலிக்கிள் செல்கள், நோயுற்ற கல்லீரலில் முளைக்கும் சிறு பித்தநாளங்கள் இவற்றில் என்-கேம் உண்மையாகவே இருக்கிறது. எலும்புத்தசையும் அப்படித்தான். முதிர்ந்த நாரில் நரம்பு வந்து சேரும் சந்திப்பிலும், நாரை ஒட்டிய சாட்டிலைட் செல்லிலும்தான் இருக்கும். நரம்பு அறுந்த நாரிலும், காயம்பட்டு மீண்டு வளரும் நாரிலும் நார் முழுக்க ஏறிவிடும். தசை பயாப்ஸியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பான நார்கள் தெரிந்தால், அது உங்களுக்குக் கிடைத்த தகவல்.

அறிகுறி: சுண்டெலித் திசுவில் எங்கு பார்த்தாலும் நிறம், சுண்டெலி என்கே செல்லில் நிறமே இல்லை

முதலாவது, சுண்டெலி ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவில் போட்டதால், செகண்டரி திசுவின் சொந்த ஐஜிஜி-யை எல்லாம் பிடிக்கிறது. ரத்தக்குழாயைச் சுற்றி அதிகமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். எச்28-க்கோ முயல் மோனோகுளோனலுக்கோ மாறுங்கள். அல்லது நேரடியாகச் சாயம் இணைத்த ஆன்டிபாடியைப் போட்டுச் செகண்டரியையே தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவதற்கு ஒரே பதில்தான். சுண்டெலியின் என்கே செல்கள் என்-கேமை வெளிப்படுத்துவதில்லை. மனிதரில் சிடி56-ஐ வைத்து என்கே செல்லைப் பிடிக்கும் பழக்கம் அங்கே செல்லாது. என்கேபி46, சிடி49பி, அல்லது சி57பிஎல்/6 இனத்தில் என்கே1.1 என்று போங்கள்.

அறிகுறி: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் மங்கல் கூட்டம் பின்னணியோடு கலந்துவிடுகிறது

ஆரோக்கியமான மனித ரத்தத்தில் என்கே செல்களில் பத்தில் ஒன்பது பங்கு சிடி56 குறைவாக உள்ளவை, பத்தில் ஒரு பங்குதான் பிரகாசமானவை. பிரகாசக் கூட்டம் எந்தச் சாயத்திலும் தெரியும். மங்கல் கூட்டம் ஃபிட்சி என்ற சாயத்தில் நெகட்டிவ் செல்களின் மேல் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். பிஇ, ஏபிசி, பிவி421 போன்ற பிரகாசமான சாயத்தைச் சிடி56-க்குக் கொடுத்து, டி செல்களில் நிறைய உள்ள சிடி3-க்கு மங்கலான சாயத்தைக் கொடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டு வடிவமைத்த பேனலில் எவ்வளவு ஆன்டிபாடி கூட்டினாலும் பிரிவு வராது, பின்னணிதான் ஏறும்.

கோடு எங்கே போடுவது என்பதற்கு ஐசோடைப் கன்ட்ரோலை (எதையும் குறிவைக்காத, அதே வகை ஆன்டிபாடி) நம்பாதீர்கள். மற்றெல்லாச் சாயமும் இருந்து சிடி56 மட்டும் இல்லாத குழாயை வைத்துக் கோடு போடுங்கள். சிடி16-ஐயும் சேர்த்தால், மங்கல் என்கே செல்கள் சிடி16 உள்ளவை என்பதால் கூட்டம் இரண்டு திசையில் பிரிந்து தெளிவாகும். மோனோசைட்டுகள் சிடி56 பக்கம் வந்து நின்றால் ஆன்டிபாடியின் எஃப்சி பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டரை அடைக்கும் எஃப்சி ரிசெப்டர் பிளாக் போட்டுப் பாருங்கள். பிவி வரிசைச் சாயங்கள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டும். அதற்கென்று உள்ள பஃபரைச் சேர்க்காவிட்டால் கூட்டங்கள் மூலைவிட்டமாகச் சாய்ந்துகொள்ளும். சிடி3-ம் சிடி56-ம் சேர்ந்து உள்ள செல்களை மட்டும் இரட்டைச் செல் என்று கழித்துவிடாதீர்கள். இரட்டைகளை அளவு அச்சில் நீக்கிய பிறகும் மிஞ்சினால், அவை சிடி56 ஏந்திய டி செல்கள்.

அறிகுறி: என்-கேம் இல்லாத செல்லில் பாலிசியாலிக் அமில ஆன்டிபாடி ஒட்டுகிறது

735 பிடிப்பது சர்க்கரையை. அது யார் மேல் இருந்தாலும் பிடிக்கும். டென்ட்ரைட்டிக் செல்களில் நியூரோபிலின்-2, மூளையின் என்ஜி2 செல்களில் சின்கேம்-1 ஆகியவையும் இதே சங்கிலியை ஏந்துகின்றன. மெனிங்கோகாக்கஸ் பி-யின் மேலுறையும் இதுதான். 735 அந்த பாக்டீரியாவைச் செலுத்தி எழுப்பிய ஆன்டிபாடி. எனவே கட்டுரையில் "என்-கேம் பாலிசியாலைசேஷன்" என்று எழுத வேண்டுமானால், என்-கேமை இம்யூனோபிரெசிபிட்டேட் செய்து (ஆன்டிபாடி ஒட்டிய மணிகளால் தனியே இழுத்து) அதன்மேல் 735 போட்ட ப்ளாட் வேண்டும். அதைச் செய்யும்போது, 735-ஐ வைத்து இழுப்பதைவிடப் புரதக் குளோனை வைத்து இழுங்கள். சுண்டெலி ஐஜிஜி1 குளோன் என்றால் புரோட்டீன் ஏ மணிகள் மோசமாகத்தான் பிடிக்கும். புரோட்டீன் ஜி எடுங்கள். ஐஜிஎம் குளோன்களுக்கு இரண்டுமே உதவாது.

சிஎச்ஓ செல்களை "காலி" செல் என்று நினைத்து என்-கேமை அதில் வெளிப்படுத்திச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தச் செல்களிலேயே பாலிசியாலிக் அமிலம் ஏறிய சொந்த என்-கேம் இருக்கிறது. பிளாஸ்மிட் போடாத செல்களையும், எண்டோ-என் கொடுத்த செல்களையும் கூடவே வைக்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

அறிகுறி: போன மாதம் வரை வந்தது, இப்போது வரவில்லை

பிஇ, ஏபிசி இணைத்த ஆன்டிபாடியை யாராவது ஃப்ரீஸரில் வைத்தார்களா என்று கேளுங்கள். அவை உறைந்தால் கெட்டுவிடும். பிஇ-சை7 போன்ற டேண்டம் சாயம் வெளிச்சம் பட்டு உடைந்தால், சிடி56 சிக்னல் பிஇ சேனலுக்கு ஒழுகி, அங்கே இல்லாத கூட்டம் முளைக்கும். இணைக்காத ஆன்டிபாடியைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கினால் திரண்டு, முதலில் பின்னணி ஏறும், அப்புறம் சிக்னல் இறங்கும்.

லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறியிருந்தால், குப்பியின் மேல் எழுதிய நீர்த்தல் விகிதத்தை மறந்துவிட்டு மைக்ரோகிராம் கணக்குக்கு வாருங்கள். ஹைப்ரிடோமா (ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்கள்) வளர்த்த ஊடகத்தை அப்படியே விற்கும் இடங்களில் ஒவ்வொரு லாட்டிலும் ஆன்டிபாடியின் அளவு வேறு; போன முறை ஐம்பதில் ஒன்று போதுமாக இருந்திருக்கும், இந்த முறை பத்தில் ஒன்று வேண்டியிருக்கும். மைக்ரோகிராம் விவரம் கிடைக்காவிட்டால் இரட்டிப்பு நீர்த்தல் வரிசை ஒன்று போட்டுப் பாருங்கள். ஹைப்ரிடோமா செல்களே காலப்போக்கில் உற்பத்தியைக் குறைக்கலாம், அல்லது வேண்டாத இன்னொரு இலேசுச் சங்கிலியையும் சேர்த்துச் சுரக்கலாம். அதே குளோனின் ரீகாம்பினன்ட் வடிவம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் செலவானாலும் அதை வாங்குவேன்.

பழைய லாட்டை முழுக்கத் தீர்த்துவிட்டுப் புதியதைத் திறப்பது நல்லதல்ல. கடைசிச் சிறு பங்கை ஒதுக்கி வையுங்கள். புது லாட் வந்த அன்று, ஒரே லைசேட்டின் இரண்டு லேன், ஒரே பிளாக்கின் அடுத்தடுத்த இரண்டு வெட்டு, ஒன்றுக்குப் பழையது, ஒன்றுக்குப் புதியது. பிளாக்கின் எண்ணையும் இரண்டு லாட் எண்ணையும் படத்தின் மேலேயே எழுதிச் சேமித்த பிறகு புதுக் குப்பியை மற்றவர்களுக்குக் கொடுங்கள்.